ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர்: பின் சக்கரக் கோணலை வீட்டு வாசலில் நூல் கட்டிக் கண்டுபிடிப்பது

ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி இடது பக்கம் ஒதுங்குகிறது. வண்டியை நேராக ஓட்டினால் ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பி நிற்கிறது. பழைய கார் வாங்கிய புதிதில் இப்படி நேர்ந்தால் எல்லோரும் நேராக அலைன்மென்ட் கடைக்குத்தான் போவோம். நானும் போனேன். என் ஹெரால்டுக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை அலைன்மென்ட் பார்த்தேன். மூன்று தடவையும் எல்லா எண்ணும் பச்சையில் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏறினால் மறுபடி அதே இழுப்பு.

கடைசியில் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி, காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு பீடி தீரும் வரை பார்த்தார். "இன்னா தம்பி, முன்னாடியே நோண்டிகினு கீற? வண்டிய இஸ்துகினு போறது பின்னாடி வீலு" என்றார். தாளை எடுத்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. அளக்கவே இல்லை. பின்னால் இருந்த கோணலை மறைக்க முன்னால் கோணலாக்கிக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் மூன்று தடவை.

இது அந்த மேஸ்திரியிடம் கற்றதும், பிறகு ராயபுரம் நண்பர் ஒருவரின் ஸ்பிட்ஃபயர் மார்க் 3-ல் செய்து பார்த்ததும். கம்ப்யூட்டர் வேண்டாம். கொத்தனார் சாமான் போதும்: தூக்குக்குண்டு, ரசமட்டம், தண்ணீர் ஊற்றிய மட்டக் குழாய், நைலான் நூல், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட இரும்பு ஸ்கேல். நூலுக்குக் காசிமேட்டு வலைக் கடையை மிஞ்ச ஆளில்லை. மெல்லியதாக, இழுத்தால் நீளாததாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வண்டியின் பின்பக்கம் எது?

ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலோட்டி. அதே சேஸியைக் குறுக்கி, மேலே இரண்டு சீட்டு பாடி வைத்து 1962-ல் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர். நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு செய்தது. பிறகு இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் செய்தார்கள். ஆக, ஊரில் ஸ்பிட்ஃபயர் எண்ணிக்கை கை விரலுக்குள் அடங்கினாலும், அதன் பின்பக்க வேலை தெரிந்த கைகள் இங்கே நிறைய உண்டு. ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர் கூச்சப்படாமல் பழைய ஹெரால்டு மெக்கானிக்கைத் தேடிப் போகலாம்.

குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை குறுக்கே ஓடி, நடுவில் டிஃப்ரன்ஷியல் (எஞ்சின் சுழற்சியை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தலையில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் என்றால் பின்னால் ஒரே கட்டை ஆக்சில். நூல் கட்டும் முறை அதற்கும் பொருந்தும், மற்றது பொருந்தாது. ஜிடி6 மார்க் 2 போல அச்சில் பெரிய ரப்பர் வளையம் உள்ள வண்டிகளுக்குக் கணக்கு வேறு.

இந்தப் பின்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று புரிய, எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். உடம்பு டிஃப்ரன்ஷியல், தோள்மூட்டு கிராஸ் ஜாயின்ட், கை அச்சு. உள்ளங்கையை வெளிப்பக்கம் பார்த்து நிமிர்த்துங்கள், அதுதான் சக்கரம். கையை மேலே தூக்கினால் விரல் நுனி தலைப்பக்கம் சாய்கிறது. வண்டியில் ஆள் ஏறி பாடி இறங்கினால் சக்கரத்தின் மேல்பாகம் இப்படித்தான் உள்ளே சாயும். அது நெகட்டிவ் கேம்பர். கையைத் தாழ்த்தினால் உள்ளங்கையின் அடிப்பாகம் உடம்பை நோக்கி வருகிறது. பாடி எழும்பினால் சக்கரத்தின் அடி உள்ளே போகும். அது பாசிட்டிவ். தோளைத் தாண்டி மூட்டே கிடையாது என்பதால் உயரம் மாறினால் கேம்பர் மாறியே தீரும்.

கை முன்னும் பின்னும் போகாமல் பிடிப்பது ரேடியஸ் ஆர்ம் என்கிற கம்பி. சக்கரப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஓடி, ஒரு பிராக்கெட்டில் முடிகிறது. பிராக்கெட்டுக்குப் பின்னால் தகடு தகடாக சிம் இருக்கும். பின் சக்கரத்தின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் அதன் முன்பாகம் உள்ளே திரும்பியிருக்கிறதா (டோ-இன்), வெளியே திரும்பியிருக்கிறதா (டோ-அவுட்) என்பது முழுக்க அந்த சிம்மில்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

முதலில் வண்டியை ஓட்டிப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளம் எந்த வண்டியையும் இழுக்கும். ஞாயிறு காலையில் காசிமேடு பக்கமும் போகாதீர்கள், மீன் வாங்க வந்த கூட்டத்தில் முதல் கியரைத் தாண்ட முடியாது. சமமான தார் ரோடு அரை கிலோமீட்டர் கிடைத்தால் போதும், போக வர இரண்டு தடவை.

நம் ரோடுகள் மழைநீர் வடிய இடது ஓரம் சரிந்திருக்கும். கொஞ்சம் இடது பக்கம் போவது நோயல்ல. நடுரோட்டு மேட்டில் ஓட்டியும் இடது பக்கமே போனால்தான் சந்தேகம். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் குற்றவாளி டயர். ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரத்துப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தகித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை இல்லை என்றானபின், காலால் ஒரு சோதனை. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கம், விட்டதும் மறுபக்கம் என்று வால் ஆடினால், ரேடியஸ் ஆர்ம் புஷ் (முனையில் உள்ள ரப்பர்) செத்துவிட்டது என்று பாதி உறுதியாகச் சொல்லலாம். எந்த நிலையிலும் ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் அது ஆட்டமல்ல, நிரந்தரக் கோணல். நண்பரை பைக்கில் பின்னால் வரச் சொல்லுங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தடத்தில் ஓடாமல், நண்டு போல வண்டி கொஞ்சம் பக்கவாட்டில் நடந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது.

வீடு வந்ததும் பின் டயர் பட்டனைக் கையால் தடவுங்கள். வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிலிருந்து வெளியே ஒரு தடவை. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் தட்டினால் டோ தப்பு. உள் ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பர், அதாவது பெரும்பாலும் தளர்ந்துபோன பட்டை.

ஆட்டம் பார்ப்பது

அளவெடுக்க அவசரப்படாதீர்கள். தளர்ந்த வண்டியை அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் வரும்.

முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்னால் ஜாக்கி தூக்கி, சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிற துணிச்சல் வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு முன்னும் பின்னும் பிடித்து ஆட்டுங்கள். நீங்கள் ஆட்டும்போது இன்னொருவர் டார்ச்சோடு எது அசைகிறது என்று பார்க்க வேண்டும். ரேடியஸ் ஆர்ம் இரண்டு முனை ரப்பர், சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த துண்டின் அடியில் உள்ள நைலான் புஷ், பட்டை முனைக் கண்ணில் இருக்கும் புஷ், கிராஸ் ஜாயின்ட் என்று வரிசையாகப் பாருங்கள். பட்டையை டிஃப்ரன்ஷியல் மேல் பிடித்திருக்கும் நட்டுகளை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள். அங்கே தளர்ந்தால் பின்பக்கமே மொத்தமாக நகரும்.

ஹப் (சக்கரம் மாட்டியிருக்கும் நடுக்குடம்) பேரிங்கில் ஆட்டம் தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். இந்த வண்டிகளில் பேரிங் அச்சையே தின்னும். அச்சு ஹப் பக்கம் முறிந்தால் சக்கரம் தனியாக ஓடிப்போகும்.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. பிராக்கெட் உட்காரும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால் தட்டுங்கள். ணங் என்று கேட்டால் நல்லது. சொத சொத என்று கேட்டால் உள்ளே துரு. ஸ்பிட்ஃபயரில் இந்த பிராக்கெட் பாடித் தகட்டிலேயே மாட்டியிருக்கும், தகடு போனால் அலைன்மென்ட்டும் போச்சு. ராயபுரத்தில் மொட்டை மாடி ஆன்டெனாவே ஐந்து வருஷத்தில் பொடிந்து விழுகிறது, ஐம்பது வருஷத் தகட்டைச் சும்மா விடுமா உப்புக்காற்று?

வண்டியை உட்கார வைப்பது

நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தது இங்கேதான். ஜாக்கியை இறக்கியதும் வண்டியை அப்படியே அளந்தேன். பின் சக்கரம் இரண்டும் கால் விரல் நுனியில் நிற்பதுபோல அடி உள்ளே போய் நின்றன. பட்டை வளைவு அதிகமாகிவிட்டது என்று முடிவு கட்டி, அதைக் கழற்றவே கிளம்பிவிட்டேன். மேஸ்திரி வந்து வண்டியைப் பத்தடி தள்ளினார். சக்கரம் இரண்டும் தானாக விரிந்து நிமிர்ந்தன.

காரணம் எளிது. வண்டி மேலே போகும்போது சக்கரங்கள் தொங்கி உள்ளே நெருங்குகின்றன. கீழே இறக்கினால் அவை வெளிப்பக்கம் விரிய வேண்டும், ஆனால் நிற்கிற டயர் தரையைக் கவ்விக்கொண்டு விரிய விடாது. உருண்டால்தான் விரியும். அதனால் எப்போது ஜாக்கி போட்டாலும், இறக்கியபின் பத்தடி முன்னே, பத்தடி பின்னே தள்ளி, பின் பம்பரை நாலைந்து தடவை அழுத்தி விட்டு, அதன் பிறகே ஸ்கேலைத் தொடுங்கள். நிறுத்த ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், கட்டை வையுங்கள்.

டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்கட்டும். வண்டியை எந்த எடையோடு அளக்க வேண்டும் என்று உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். ஆளுக்குப் பதில் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை சீட்டில் வைத்தால் 75 கிலோ ஆயிற்று. ஆள் என்றால் போன் வந்தால் இறங்கிப் போய்விடுவார், அரிசி போகாது.

தரை மட்டமாக இருக்க வேண்டும். வீட்டு வாசல்கள் தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கும், ஆகவே அடுக்குமாடிகளின் தூண் பார்க்கிங்கே உத்தமம். மட்டக் குழாயில் தண்ணீர் ஊற்றி நான்கு சக்கர இடத்தையும் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் பழைய தரை ஓடு போட்டு ஏற்றுங்கள். பின் சக்கரத்துக்கடியில் மட்டும் இரண்டு ஓடு, நடுவில் கிரீஸ் தடவி வைத்தால் சக்கரம் தானாக வழுக்கி விரியும்.

உயரமும் கேம்பரும்

பலரும் பின் மட்கார்டு வளைவிலிருந்து உயரம் எடுப்பார்கள். இந்த வயசு வண்டியில் அந்த மட்கார்டு எத்தனை டிங்கரிங் பார்த்திருக்கும்? சேஸியில் இடதும் வலதும் ஒரே இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து தரைக்கு அளந்து பாருங்கள்.

கேம்பருக்குத் தூக்குக்குண்டை மட்கார்டு மேலிருந்து தொங்கவிடுங்கள். நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் தூரம் எடுங்கள். இரண்டு விளிம்புக்கும் நடுவே 340 மி.மீ. இருந்தால், 6 மி.மீ. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. டயரை அளக்காதீர்கள், அது தரைப்பக்கம் பிதுங்கியிருக்கும்.

இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரி மாறினால் நான் கண்டுகொள்வதில்லை. ஒரு டிகிரிக்கு மேல் போனால் பட்டையைப் பார்ப்பேன். நம் ஊரில் டிரைவர் வலது பக்கம். தனியாகவே பல வருஷம் ஓடிய வண்டி வலது பக்கம் சாய்ந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

மாதவரம், மணலி பக்கம் லாரிப் பட்டை அடிக்கிறவர்கள் இதையும் வளைத்துத் தருவார்கள். ஒரு எச்சரிக்கை. லாரிக்காரர் "நல்லா தூக்கிக் குடுங்க" என்பார், அந்தப் பழக்கத்தில் உங்களுடையதையும் தூக்கி விடுவார்கள். பின்பக்கம் தேவைக்கு மேல் எழும்பினால் சக்கரம் பாசிட்டிவ் போகும். அப்படி ஒரு வண்டியில் வேகமாக வளைவு எடுத்து நடுவில் ஆக்ஸிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் பாடிக்கு அடியில் மடங்க, வால் சட்டென்று வெளியே வீசும். தாழ்ந்த ஹெரால்டு டயரைத் தின்னும், உயர்ந்த ஹெரால்டு ஆளையே கவிழ்க்கும். 1970-க்குப் பின் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் பட்டை மாட்டும் முறையே வேறு. அதைக் கழற்றிப் பழையதில் போடுவது வேண்டாம்.

நூல் கட்டுதல்

நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல், மேலே செங்கல். வண்டிக்கு இரு பக்கமும், பம்பரைத் தாண்டி இரண்டடி நீளும்படி, ஹப் நடு உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலுக்கும் இடையே முன்னால் எவ்வளவு தூரமோ பின்னாலும் அவ்வளவு தூரம். அதே சமயம் முன் ஹப் நடுவிலிருந்து நூலுக்கு இடதும் வலதும் சமம், பின் ஹப்பிலும் இடதும் வலதும் சமம். ஒன்றைச் சரி செய்தால் மற்றது நகரும். அரை மணி நேரம் ஸ்டூலோடு மல்லுக்கட்டத் தயாராக இருங்கள்.

புதியவர்கள் தவறுவது ஒரு இடத்தில். முன் ஹப் தூரமும் பின் ஹப் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுவார்கள். ஹெரால்டில் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே முன்னும் பின்னும் 48 அங்குலம், அதனால் சரியாகத் தோன்றும். ஸ்பிட்ஃபயர் மார்க் 3-ல் முன்னால் 49, பின்னால் 48. பின் ஹப்பில் நூல் ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் தள்ளியே இருக்கும். அதை இழுத்து ஒட்டினால் உங்கள் நூலே கோணலாகிவிடும்.

இப்போது பின் ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு, பின் விளிம்பிலிருந்து நூலுக்கு. எழுதிக்கொள்ளுங்கள். ரிம்மே கோணலாக இருக்கலாம். அதனால் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சக்கரம் அரைச் சுற்று உருளும்படி வண்டியைத் தள்ளி, நூலை மறுபடி சரிபார்த்து, இன்னொரு தடவை அளந்து, சராசரி எடுங்கள்.

ராயபுரம் ஸ்பிட்ஃபயரில் வந்தது இது. இடது பின் சக்கரம்: முன் விளிம்பு 75, பின் விளிம்பு 74. முன் விளிம்பு நூலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது, அதாவது 1 மி.மீ. டோ-இன். வலது பின் சக்கரம்: முன் விளிம்பு 73, பின் விளிம்பு 75. அதாவது 2 மி.மீ. டோ-அவுட்.

சக்கரத்துக்குச் சக்கரம் டேப் பிடித்து மொத்த டோ மட்டும் பார்த்திருந்தால் 1 மி.மீ. டோ-அவுட் என்று வந்திருக்கும். "பெரிசா ஒண்ணுமில்ல" என்று விட்டிருப்போம். ஆனால் பாருங்கள், இடது சக்கரத்தின் டோ-இன் வலது திசையைப் பார்க்கிறது, வலது சக்கரத்தின் டோ-அவுட்டும் வலது திசையையே பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து வாலை வலது பக்கம் கொண்டுபோகின்றன. சராசரி 1.5 மி.மீ., 13 அங்குல ரிம்மில் அது கால் டிகிரி. வால் வலது போனால் மூக்கு இடது போகும். நேராகப் போக ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்தே ஓட்ட வேண்டும். இது நான் ஆரம்பத்தில் சொன்ன அதே புகார்.

சிம்மைத் தொடுவது

வலது பிராக்கெட்டைக் கழற்றினோம். மூன்று சிம். இடது பக்கம் ஒன்றே ஒன்று. வலது சிம்முக்கும் பாடித் தகட்டுக்கும் நடுவே துரு அப்பளம் போல வீங்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஒரு மி.மீ. கனத்தில் செதில் செதிலாக வந்தது. யாரோ எப்போதோ எதற்கோ போட்ட சிம்மும் இந்தத் துருவும் சேர்ந்து பிராக்கெட்டைப் பின்னால் தள்ளியிருக்கின்றன. கம்பி பின்னால் போனால் அச்சின் வெளிமுனை பின்னால் போகிறது, சக்கரத்தின் முன்பாகம் வெளியே திரும்புகிறது. ஆகவே மனதில் வையுங்கள்: சிம் கூட்டினால் டோ-அவுட், எடுத்தால் டோ-இன்.

கழற்றியபோதே இரண்டு கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை நீளம் பாருங்கள். முன்னாள் உரிமையாளர் கம்பியில் ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தால் அது வளைந்து குட்டையாகியிருக்கும். வளைந்த கம்பிக்கு சிம்மில் பரிகாரம் தேடாதீர்கள், கம்பியை மாற்றுங்கள்.

துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, இரண்டு சிம்மை எடுத்துவிட்டு மாட்டினோம். ஒரு சிம் எவ்வளவு மாற்றும் என்பதை உங்கள் வண்டியிலேயே ஒன்றை எடுத்து அளந்து தெரிந்துகொள்வது நல்லது. ரேடியஸ் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். சக்கரம் தரையில், அரிசி சீட்டில், பத்தடி தள்ளி உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

மறுபடி நூல். வலது சக்கரத்தில் 74, 74. இடதில் அதே 1 மி.மீ. டோ-இன். உங்கள் மாடலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் முதலில் பார்ப்பது இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்பதை, பிறகே மொத்த அளவை.

இத்தனை செய்தும் ஒத்துவரவில்லை என்றால், நான்கு ஹப்பிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்து, வண்டியைத் தள்ளிவிட்டு, குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள். சமமில்லாமல் வந்தால் சேஸியே வளைந்திருக்கலாம். அது வாசலில் முடிகிற வேலையல்ல.

இப்போது அலைன்மென்ட் கடைக்குப் போகலாம். கம்ப்யூட்டரில் ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ இல்லை என்பார்கள். பரவாயில்லை, பச்சை சிவப்பு வேண்டாம், நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டி வெறும் எண்ணைக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி, முன் டை ராடு (ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) இரண்டையும் சமமாகத் திருகச் சொல்லுங்கள். அங்கே ஜாக்கி போட்டிருந்தால், அளக்கும் முன் வண்டியைத் தள்ளி உருட்டச் சொல்லி நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிராக்கெட் போல்ட்டுகளை ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள், துரு எடுத்த இடத்தில் பெயின்ட் அமுங்கி நட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும்.